பாம்பு மூலை

1934 அக்டோபர் 13, சனிக்கிழமை, ஜார்ஜியா மாநிலம் வார்லி மாவட்டத்தில் ஹிக்கரி ஃபோர்க் என்ற ஊரில் எஸெல் டாகின்ஸ் என்ற முப்பத்தொரு வயது விவசாயி கொல்லப்பட்டார். அன்று காலை ஜின்னிங் மில் வாசலில் பருத்தி வண்டிகள் வரிசையில் நின்றபோது, தன் முறையை ஒரு வெள்ளைக்காரருக்கு விட்டுக்கொடுக்க அவர் மறுத்திருந்தார். மறுநாள் காலைக்குள் ஹிக்கரி ஃபோர்க்கில் இருந்த பதினொரு கறுப்பர் குடும்பங்களும் ஊரைவிட்டுப் போயிருந்தன. அவற்றில் நான்கு குடும்பங்களுக்குச் சொந்த நிலம் இருந்தது.

எங்கள் வாரப் பத்திரிகை அக்டோபர் 18 இதழின் நான்காம் பக்கத்தில், தேவாலய விருந்து அறிவிப்புக்குக் கீழே, ஆறு வரியில் இதைப் போட்டது. கொன்றவர்கள் யாரென்று தெரியவில்லை என்றது. இறந்தவர் ஒருவர் என்றது. மற்றவர்கள் வேலை தேடி வடக்கே போய்விட்டார்கள் என்று முடித்தது. அதை எழுதியவர் நான் வேலையில் சேரும் முன்பே இறந்துவிட்டார். அந்தப் பக்கத்தை நான் முதன்முதலாகப் படித்தது 1987 ஆகஸ்ட் 12, புதன்கிழமை. அதற்கு முன் இருபத்தாறு வருடம், அந்தப் பழைய இதழ்கள் இருந்த அலமாரிக்கு முதுகைக் காட்டித்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பக்கத்தைக் கேட்டு வந்தவர் வெர்னெல் கேட்ஸ். எஸெலின் மகள். அப்பா செத்தபோது மூன்று வயது, இப்போது ஐம்பத்தாறு. பக்கத்து மாவட்டத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. கார் சாவியைக் கையில் வைத்து விரலுக்கு விரல் மாற்றிக்கொண்டே மேசைக்கும் சன்னலுக்கும் நடந்தார். அவருடைய அம்மா ஐடெல்லா திங்கட்கிழமை இறந்திருந்தார். எழுபத்தொன்பது வயது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அடக்கம் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. எங்கே என்பதுதான் தெரியவில்லை.

“அம்மா என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. என்னை எஸெல் பக்கத்துல போடுன்னா. எஸெல் எங்கன்னு அவளுக்கே தெரியாது.”

கொலை நடந்த இரவே ஐடெல்லா மூன்று குழந்தைகளோடு சோளக்கொல்லை வழியாக ஆற்றைத் தாண்டி ஓடிப்போனார். இரண்டு நாள் கழித்து, கேட்டோ பிவின்ஸ் என்ற தேவாலய டீக்கன் வேறு சிலரோடு மறைவாகத் திரும்பிப் போய் உடலைப் புதைத்தார். புதைத்துவிட்டு வந்து ஐடெல்லாவிடம் இரண்டு விஷயம்தான் சொன்னாராம். அவனை அவன் மண்ணிலேயே வைத்தோம். தலைமாட்டில் கரடிப்புல் நட்டோம். அதற்கு மேல் எதைக் கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை. 1951இல் அவரும் போய்ச் சேர்ந்தார்.

கரடிப்புல் என்று இங்கே சொல்வது புல் இல்லை. கத்திபோல நீண்ட இலைகளும் கோடையில் நடுத்தண்டில் வெள்ளைப் பூவும் கொண்ட யுக்கா செடி. எந்த வறட்சியிலும் சாகாது, வைத்த இடத்தைவிட்டு நகராது. கல் வைக்க முடியாத கறுப்பர்களும், கல் வைக்கப் பயந்த கறுப்பர்களும் கல்லறைத் தலைமாட்டில் அதைத்தான் நட்டார்கள். செத்தவர் கடைசியாகப் புழங்கிய சாமான் ஒன்றை உடைத்து மண்மேல் வைப்பதும் வழக்கம். வெள்ளையர்களுக்குக் கரடிப்புல் வெறும் களை. இந்த வேறுபாடு எனக்கும் அந்தப் புதன்கிழமைதான் தெரியவந்தது.

வெர்னெல் அந்த ஆறு வரியை நின்றபடியே மூன்று தடவை படித்தார். இடம் எதுவும் அதில் இல்லை. கடைசி வரியில் விரலை வைத்தார்.

“வடக்கே போயிட்டாங்களாம். எங்க மாமா லூத்தரும் அப்படித்தான் போனாரு. அம்மாவோட தம்பி, எங்க வீட்டுலயேதான் இருந்தாரு. அந்த ராத்திரிக்கு அப்புறம் ஒரு கடுதாசி கிடையாது. சிகாகோவுல இருக்கான், டெட்ராய்ட்ல இருக்கான்னு ஆளாளுக்குச் சொன்னாங்க.”

ஐடெல்லா தம்பியை மன்னிக்கவே இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தபால்காரர் வீட்டைத் தாண்டிப் போனதும் வாசலில் நின்று அவனைத் திட்டுவாராம். பத்தொன்பது வயதிலேயே கிழவன் மாதிரி வயிற்றுவலிக்காரன், நீல மருந்துப் புட்டி பையில் இல்லாமல் வெளியே கால் வைக்கமாட்டான் என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் மறுபடி திட்டுவார்.

எஸெலின் நாற்பது ஏக்கர் இப்போது ராய்ஸ் கல்பெப்பரின் அறுநூறு ஏக்கருக்குள் இருந்தது. வரி கட்டாத நிலம் என்று 1936இல் நீதிமன்ற வாசலில் ஏலம் விட்டபோது ராய்ஸின் அப்பா டூயி கல்பெப்பர் எடுத்தார். வீடுகள், கிணறு, மரங்கள் எல்லாம் எடுபட்டு, பார்க்கும் தூரம் மட்டும் ஒரே நிலக்கடலை. வெர்னெல் என்னைத் தன்னோடு வரச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

“நான் தனியாப் போனா நாய் வரும். கூட ஒரு வெள்ளைக்காரர் இருந்தா ஆள் வருவாரு.”

அவர் காரிலேயே போனோம். நேராக ராய்ஸ் வீட்டுக்குப் போகவில்லை. நிலத்தைச் சுற்றிய மண் சாலைகளில் முதலில் ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று. சன்னல்களை இறக்கிவிட்டு, வயல் பக்கமே பார்த்துக்கொண்டு ஓட்டினார். புழுதி உள்ளே வந்து பல்லில் நறநறத்தது. ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி, கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறினார். மூன்று வயதில் பார்த்தது எதுவும் அங்கே மிச்சமில்லை. மூன்றாம் சுற்றில்தான் வீட்டுப் பாதையில் திருப்பினார்.

ராய்ஸுக்கு எழுபது வயது. பாப்டிஸ்ட் தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஒரு கூடை தக்காளியோடு போய் நிற்பார். முகப்பில் உட்கார்ந்து வேகவைத்த கடலையை உரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கடலையை நீட்டினார், குளிர்ந்த தேநீர் வேண்டுமா என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு வெர்னெலையும் கேட்டார். வெர்னெல் படியிலேயே நின்று, வேண்டாம் மிஸ்டர் ராய்ஸ் என்றார். வந்த காரியத்தைச் சொன்னார்.

ராய்ஸ் கடலைத்தோலைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார். தன் நிலத்தில் கல்லறை எதுவும் கிடையாது, ஐம்பது வருடமாக உழுகிறேன், ஒரு எலும்பு மேலே வந்ததில்லை என்றார். அப்புறம் வெர்னெலிடம் திரும்பினார்.

“வெர்னெல், உங்கம்மா செத்ததுக்கு எனக்கு வருத்தம்தான். நிஜமாத்தான் சொல்றேன். ஆனா இன்னைக்கு ஒரு குழி தோண்ட விட்டேன்னா, நாளைக்கு ஒரு வக்கீல் வருவான். இது எங்க நிலம்னு நிப்பான். எனக்கும் பேரப்புள்ளைங்க இருக்காங்க.”

“எனக்கு ஆறடி போதும், மிஸ்டர் ராய்ஸ்.”

“அப்படின்னா அதை எழுதிக் குடு.”

மறுநாள் பத்து மணிக்கு டவுனில் அவருடைய வக்கீல் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். ஹிக்கரி ஃபோர்க் நிலத்தில் டாகின்ஸ் வாரிசுகளுக்கு எந்த உரிமையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டால், சாலையோரமாக ஓர் இடம் தருகிறேன், அப்பா அங்கே எங்கோ இருப்பதாக அவள் நினைத்துக்கொள்ளலாம் என்றார். குரலில் கேலி இல்லை. நியாயமான ஏற்பாடு என்றே அவர் நினைத்தார்.

அன்று மாலை வெர்னெல் ஹோசியா பிரிங்கிளின் சவ அடக்க நிலையத்துக்குப் போனார். ஹோசியா பருமனான மனிதர். சிரிப்பு காட்டாமல் வேடிக்கை பேசுவார். அம்மாவின் உடல் அவர் பொறுப்பில் இருந்தது. அங்கிருந்த தொலைபேசியில் க்ளீவ்லாண்டில் இருக்கும் சித்தப்பா மகன் பேசினார். அது உன் அப்பா வெட்டித் திருத்திய மண், ஐம்பத்து மூன்று வருடம் பொறுத்தோம், மூன்று நாள் அவசரத்துக்காக எழுதிக் கொடுத்துவிடாதே என்றார். வெர்னெல் தொலைபேசிக் கம்பி எட்டும்வரை நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார்.

“நீ வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போய் உங்க வீட்டுல வச்சுக்கோ. ஞாயம் கிடைச்சதும் புதைக்கலாம்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஹோசியா ஒரு நாற்காலியை அவர் பின்னால் தள்ளினார். “மிஸ் வெர்னெல், கொஞ்சம் உக்காரு. இந்தக் கட்டடத்துல அலையிறது நீ ஒருத்திதான். மத்தவங்க எல்லாம் எவ்வளவு அடக்கமா இருக்காங்க பாரு.”

வெர்னெல் சிரித்தார். ஆனால் உட்காரவில்லை. கையெழுத்துப் போடப்போகிறேன் என்றார். ஹோசியா மேசைமேல் இருந்த மலர்வளைய ரிப்பனை நேராக்கினார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நானும் அங்கே இருந்தேன். சாட்சிக்கு ஒருத்தர் வேண்டும் என்று இரு தரப்பும் கேட்டிருந்தார்கள். டில்மன் என்ற இளம் வக்கீல் ஒரு பக்கத்தில் பத்திரத்தைத் தட்டச்சு செய்திருந்தார். வாசித்தும் காட்டினார். வாரிசுகள், அவர்களின் வாரிசுகள், இன்றும் என்றும். வெர்னெல் சன்னலோரம் நின்று கேட்டார். பிறகு மேசைக்கு வந்து பேனாவை வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வந்திருந்த ராய்ஸுக்கு நிம்மதி. மனம் இளகியவராக, தானே முன்வந்து பேசினார்.

“எந்தப் பக்கம் வேணும்னு நீயே பாத்துச் சொல்லு. சாலை ஓரமா எங்க வேணும்னாலும் எடுத்துக்கோ. அந்த வடகிழக்கு மூலை மட்டும் வேணாம்.”

“ஏன்?”

“அது பாம்பு மூலை. எங்கப்பா காலத்துலேருந்து அங்க ஏர் போகாது. மொத்தமும் கரடிப்புல்லு. உங்க ஆளுங்க தெரியாம கால வச்சுட்டா கடிச்சுடும்.”

பேனா காகிதத்துக்கு அரை அங்குலம் மேலே இருந்தது. வெர்னெல் நிமிரவில்லை.

“யாரு நட்டது?”

“என்னது?”

“அந்தக் கரடிப்புல்லை.”

“அதை யாரு நடுவா? தானா முளைச்சதுதான்.”

“உங்க நிலத்துல வேற எங்க முளைச்சிருக்கு, மிஸ்டர் ராய்ஸ்?”

ராய்ஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தார். யோசித்தார். தன் அறுநூறு ஏக்கரையும் மனதுக்குள் ஒவ்வொரு பாத்தியாக நடந்து பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. வேறு எங்கும் இல்லை என்றார்.

வெர்னெல் பேனாவை மூடி வக்கீல் பக்கம் தள்ளினார். பத்திரத்தை மடிக்கவுமில்லை, கிழிக்கவுமில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். டில்மன் ராய்ஸைப் பார்த்தார், ராய்ஸ் என்னைப் பார்த்தார். என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று கேட்டார். அவர் உண்மையாகவே கேட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நீதிமன்றம் எதிர்ச்சாரியில் இருந்தது. உயில், வாரிசு, கல்லறை விவகாரங்களைப் பார்க்கும் நீதிபதி ஹார்டன், ராய்ஸோடு சேர்ந்து மீன்பிடிக்கப் போகிறவர். வெர்னெலுக்கு அது தெரியும். இருந்தாலும் போனார். நீதிபதி மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துகொண்டிருந்தார். தொப்பியைக் கையில் வைத்தபடியே கேட்க ஆரம்பித்து, கரடிப்புல் என்ற இடத்தில் தொப்பியை மேசைமேல் வைத்தார். அவருடைய வீட்டில் நாற்பது வருடம் சமைத்த பெண்ணின் அடக்கத்துக்குப் போயிருந்தாராம். அங்கே அந்தச் செடியைப் பார்த்திருக்கிறார்.

கல்லறை இருப்பது நிஜமென்றால் வயலுக்குச் சொந்தக்காரர் கல்லறைக்குச் சொந்தக்காரர் ஆகமாட்டார், புதைத்தவர்களின் குடும்பம் வரலாம், புதைக்கலாம், அதற்கு யாரும் எதையும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை என்றார். இல்லையென்றால் அது கல்பெப்பர் நிலம், அவ்வளவுதான். நாளைக் காலை ஏழு மணிக்கு நேரில் போய்ப் பார்க்கலாம், இருக்கிற கல்லறையை ஒருவரும் கிளறக்கூடாது என்றார். கடைசியில், “மிஸஸ் கேட்ஸ், பூட்ஸ் போட்டுட்டு வாங்க” என்றார். இந்த மாவட்டத்து நீதிமன்றத்தில் தன்னை யாரும் மிஸஸ் என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை என்று வெர்னெல் பிறகு சொன்னார்.

அன்று மீதிப் பொழுது முழுவதும் அவர் ஓரிடத்தில் நிற்கவில்லை. பள்ளி திறக்க இரண்டு வாரம் இருந்தும், பணிமனைக்குப் போய்த் தன் பேருந்தைக் கழுவினார். சக்கரங்களைக்கூடத் தேய்த்தார். பிறகு ஹோசியாவிடம் போய், அம்மாவுக்குப் போட்டிருந்த உடுப்பின் காலரை மாற்றச் சொன்னார். பிறகு பழைய காலரே இருக்கட்டும் என்றார். இருட்டுவதற்குள் எனக்கு நான்கு தடவை தொலைபேசியில் பேசினார், நான்கு தடவையும் அதே கேள்வி. அந்த மூலையில் வெறும் பாம்புதான் இருந்தால்?

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆறு பேர் போனோம். நீதிபதி, வெர்னெல், ராய்ஸ், ஹோசியா, மாவட்ட நில அளவையாளர், நான். வயலின் மற்ற பக்கங்களில் கடலைப் பாத்திகள் வேலி வரைக்கும் ஓடின. வடகிழக்கில் மட்டும் டிராக்டர் தடம் வளைந்து ஒதுங்கிப் போயிருந்தது. அந்த வளைவின் உள்ளே, கால் ஏக்கருக்கும் குறைவாக, இடுப்புயரக் கரடிப்புல். ராய்ஸ் கையில் மண்வெட்டியோடு முன்னால் நடந்து, பாம்புக்காகத் தரையைத் தட்டிக்கொண்டே போனார். அது பழக்கம். சின்ன வயதில் பந்து இந்தப் பக்கம் விழுந்தால் அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும் என்று அப்பா சொல்லி வைத்திருந்தாராம். அதே விதியைத் தன் பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்த்திருந்தார். டிராக்டர் ஓட்டிகளுக்கும் சொல்லியிருந்தார்.

பாம்பு எதுவும் வரவில்லை.

புதர்கள் தாறுமாறாக இல்லை. பக்கவாட்டில் குட்டி போட்டுப் பெருத்திருந்தாலும், நடுத்தண்டுகள் தெற்கு வடக்காக ஒரே வரிசையில் நின்றன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஏறக்குறைய ஐந்தடி. அளவையாளர் சங்கிலியை இழுத்துப் பார்த்துவிட்டு, செடி இப்படி முளைக்காது என்றார். வெர்னெல் எண்ணினார். விரலால் காட்டி இன்னொரு தடவை எண்ணினார்.

“அஞ்சு” என்றார்.

கரடிப்புல் வேர்விட்டுப் பரவக்கூடியது, ஐந்து புதர் என்பதால் ஐந்து கல்லறை என்று சொல்லிவிட முடியாது என்றார் நீதிபதி. ஹோசியா கொண்டுவந்திருந்த நீண்ட இரும்புக் கம்பியை எடுத்தார். பழைய கல்லறைத் தோட்டங்களில் இடம் தேடும்போது அவர்கள் தொழிலில் அதைத்தான் செருகிப் பார்ப்பார்கள். தோண்டாத மண் கம்பியைத் தடுக்கும், ஒரு தடவை தோண்டி மூடிய மண் எத்தனை வருடமானாலும் வழிவிடும். முதல் புதரின் கிழக்கே ஓரத்தில் மெல்ல அழுத்தினார், இரண்டடி இறங்கியதும் எடுத்துவிட்டார். பக்கத்தில் இரண்டடி தள்ளி அழுத்தினார், கம்பி இறங்கவில்லை, வளைந்தது. இப்படி ஐந்து இடம். ஐந்திலும் கம்பி இறங்கியது. ஐந்தும் கிழக்கே கால் நீட்டியவை. வேடிக்கைப் பேச்சு எதுவும் அவரிடமிருந்து வரவில்லை.

இலைக்குப்பையைக் கையால் விலக்கியபோது மேலோடு மேலாகச் சில சாமான்கள் கிடைத்தன. முதல் புதரின் கீழே ஒரு விளக்குக் கண்ணாடியின் சில்லுகள். அடுத்ததில் ஒரு வெள்ளைப் பீங்கான் கைப்பிடி. அதற்கடுத்த இரண்டு புதர்களில் எதுவும் இல்லை. தெற்குக் கோடியில் கடைசியாக இருந்ததில், அடிப்பாகம் உடைக்கப்பட்ட ஒரு நீல மருந்துப் புட்டி. கழுத்துவரை மண் நிரம்பியிருந்தது.

வெர்னெல் அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். சாவி கையில் அசையாமல் இருந்ததை அப்போது கவனித்தேன்.

அந்தக் காலத்தில் நீலப் புட்டி எல்லார் வீட்டிலும் இருந்தது என்று ஹோசியா தாழ்ந்த குரலில் சொன்னார். தெரியும் என்றார் வெர்னெல். டீக்கன் பிவின்ஸுக்கும் எல்லாம் தெரிந்திருக்கும், ஒவ்வொருத்தியிடமும் அவளவள் புருஷனைப் பற்றி மட்டும் சொல்லியிருப்பார் என்றார். மற்றவர்கள் வடக்கே போய்விட்டார்கள் என்றே எல்லோரையும் நம்பவிட்டுவிட்டார்.

பிறகு ராய்ஸிடம் போனார்.

“இந்த மூலையில நீங்க எத்தனை பாம்பு பாத்திருக்கீங்க?”

ராய்ஸ் மண்வெட்டியின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்ணுகூட இல்ல.”

“அப்ப உங்களுக்குப் பதினேழு வயசு. அந்த ராத்திரி எங்க இருந்தீங்க?”

“எங்கப்பா போய்ப் படுன்னாரு. போய்ப் படுத்தேன்.”

“தூக்கம் வந்துச்சா?”

ராய்ஸ் மண்வெட்டியை வேலியில் சாய்த்துவிட்டு, தன் லாரியில் போய்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நீதிபதி அங்கேயே, லாரி முகப்பின்மேல் காகிதத்தை வைத்து எழுதினார். இது இடுகாடு, ஐந்து கல்லறைகள் உள்ளன, அவற்றைக் கலைக்காமல் குடும்பத்தினர் அடக்கம் செய்யலாம், சாலையிலிருந்து வழி விட வேண்டும். ராய்ஸ் படித்துப் பார்த்தார்.  கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

இப்போது வேறொரு சிக்கல் வந்தது. எஸெல் பக்கத்தில் என்றுதான் ஐடெல்லா கேட்டிருந்தார். ஐந்தில் எஸெல் யார்? கிளறிப் பார்க்க உத்தரவு இல்லை, வெர்னெலும் அதை விரும்பவில்லை. வரிசையின் நடுவில் இன்னொருவருக்கு இடமும் இல்லை. வரிசைக்குக் குறுக்கே, எல்லோர் காலடியிலும் படும்படி தோண்டலாமா என்று அளவையாளர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். ஹோசியா தலையை ஆட்டினார். கிழக்கே பார்க்காமல் குறுக்கே கிடத்துவது இவர்கள் வழக்கத்தில் பாவிகளுக்கும் தற்கொலை செய்துகொண்டவர்களுக்கும்தான். ஆக, மிச்சமிருப்பது இரண்டு ஓரங்கள். வடக்கே விளக்குக் கண்ணாடி, தெற்கே நீலப் புட்டி.

விளக்கு வீட்டுக்காரனுடையதாக இருக்கலாம் என்றார் ஹோசியா. இருக்கலாம் என்றார் வெர்னெல். வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார், திரும்பி வந்தார். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. மூன்றாவது தடவை தெற்குக் கோடியில் நின்றுவிட்டார்.

“இங்க தோண்டுங்க, ஹோசியா. அப்பா இந்த வரிசையிலதான் இருக்காரு, தூரத்துல இல்ல. ஆனா அம்மா இவன்கிட்ட அம்பத்து மூணு வருசமாக் கோவிச்சிட்டுக் கிடந்தா. முதல்ல இவங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கிடட்டும்.”

“இவன் லூத்தர்தான்னு நிச்சயமா?”

“இல்ல.”

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, வரிசையின் தெற்குக் கோடியில், நீலப் புட்டிக்கு ஐந்தடி தள்ளி, கிழக்கே கால் நீட்டி ஐடெல்லா டாகின்ஸ் அடக்கம் செய்யப்பட்டார். தொண்ணூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பாதிப் பேர், வடக்கே போய்விட்டார்கள் என்று சொல்லப்பட்டவர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வரிசையைப் பார்த்தபடி நின்றார்கள். வெர்னெல் பிரசங்கம் முழுவதும் நின்றார். மண் மூடியதும் ஹோசியா போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா கடைசியாகத் தேநீர் குடித்த கோப்பையைக் கைப்பையிலிருந்து எடுத்து, நாற்காலிக் காலில் தட்டி உடைத்து மண்மேல் வைத்தார். பக்கத்துப் புதரிலிருந்து ஒரு குட்டியைப் பிரித்துத் தலைமாட்டில் நட்டார்கள். ராய்ஸ் வரவில்லை. அவர் மனைவி ஒரு கூடை தக்காளியைச் சாலையோரத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். யாரும் எடுக்கவில்லை.

எங்கள் பத்திரிகை ஆகஸ்ட் 20 இதழின் முதல் பக்கத்தில் ஐந்து கல்லறைகளைப் பற்றி எழுதியது. 1934 இதழின் ஆறு வரியையும் அப்படியே பக்கத்தில் அச்சிட்டது. பதினான்கு பேர் சந்தாவை நிறுத்தினார்கள். மாவட்ட ஷெரிஃப் அலுவலகம் விசாரணை எதையும் தொடங்கவில்லை. உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம் கையெழுத்தாகாமல் டில்மனிடம் இருக்கிறது. நிலத்தைப் பற்றி டாகின்ஸ் குடும்பம் வழக்குப் போடவுமில்லை, போடமாட்டோம் என்று சொல்லவுமில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, ராய்ஸ் கல்பெப்பர் அந்த மூலையைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார். வாசலைச் சாலைப் பக்கம் வைத்தார். பூட்டு போடவில்லை.